காசை எங்கே மிச்சம் பிடித்தார்கள்?

முதல் நாள் ஆசான் என் கையில் கொடுத்தது ஒரு பஞ்சுக்குச்சி. காது குடைய வைத்திருப்போமே, அதேதான். மேஜைமேல் துணி விரித்து இரண்டு துப்பாக்கிக் குழல்களைக் கழற்றி வைத்திருந்தார். "தோட்டா உட்காரும் இடத்துக்குள் விட்டு மெல்ல ஒரு சுற்றுச் சுற்று" என்றார். முதல் குழலிலிருந்து பஞ்சு போனபடியே வந்தது. இரண்டாவது குழல் லேசாகப் பிடித்து இழுத்தது. வெளியே எடுத்தபோது நுனி பிரிந்திருந்தது. உள்ளே நாலைந்து இழைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. கண்ணுக்கு இரண்டு குழல்களும் ஒரே மாதிரிதான் மின்னின.

"இந்த இரண்டாவது, என்றைக்காவது ஒருநாள் தோட்டாவைக் கவ்விக்கொண்டு விடாது. அன்றைக்கு மழையாக இருக்கும், விரல் விறைத்திருக்கும். வாங்கியவர் துப்பாக்கியைத் திட்டுவார். எங்கே தவறு என்று அவருக்குத் தெரியாது. உனக்குத் தெரிய வேண்டும்."

மிச்சிகன் மாநிலத்தில் சாகினா வளைகுடாவை ஒட்டிய சின்ன ஊர் அது. கார் உதிரிபாக ஆலையில் லேத்திலும் மில்லிங் எந்திரத்திலும் பல வருஷம் நின்றவன் நான். இரும்பு பழக்கம், துப்பாக்கி பழக்கமில்லை. சனி ஞாயிறுகளில் அவருடைய பழுதுபார்க்கும் பட்டறைக்குப் போகத் தொடங்கினேன். அவருக்கு எழுபது கடந்திருந்தது. அந்த ஊர் வழக்கப்படி பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னார். எனக்கு வாய் வரவில்லை. கடைசிவரை 'சார்'தான்.

அந்த வட்டாரத்தில் பட்டறைக்கு வருவதில் பெரும்பாலானவை பம்ப்-ஆக்‌ஷன் ஷாட்கன்கள். இலையுதிர் காலத்தில் வாத்து, நவம்பர் 15-ஆம் தேதி தொடங்கி மாதக் கடைசிவரை மான், வசந்தத்தில் வான்கோழி என்று மூன்றுக்கும் ஒரே துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் அங்கே நிறைய. சேறு, கோரைப்புல், உறைபனி எல்லாவற்றையும் பார்த்த துப்பாக்கிகள் செப்டம்பர் பிறந்ததும் வரிசையில் வந்து நிற்கும். எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "எது நல்லது, ரெமிங்டனா, மாஸ்பெர்க்கா?" இந்தக் கேள்விக்கு அவர் நேரடியாகப் பதில் சொல்லி நான் கேட்டதில்லை. ஏன் என்று புரிய எனக்கு இரண்டு வருஷம் ஆனது.

தொழிலுக்கு முன்னால் ஒழுங்கு. துப்பாக்கி உள்ளே வந்ததும் தோட்டா அறையை அடைக்கும் போல்ட்டைப் பின்னால் இழுத்து, அந்த அறையையும் தோட்டாக்கள் வரிசையாக நிற்கும் மேகஸின் குழாயையும் கண்ணால் பார்த்து, பிறகு விரலை விட்டுத் தடவ வேண்டும். பக்கத்தில் நிற்பவர் இப்போதுதான் பார்த்தார் என்றாலும் நாமும் பார்க்க வேண்டும். உண்மைத் தோட்டா பட்டறை மேஜைக்கு வரவே கூடாது. சோதனைக்கு நிறம் பூசிய வெற்றுத் தோட்டாக்கள் மட்டும். இரவு தங்கும் ஒவ்வொரு துப்பாக்கியும் சட்டப்படி பதிவேட்டில் ஏற வேண்டும். முதல் மூன்று மாதம் நான் செய்தது அநேகமாக இவ்வளவுதான். அந்த மூன்று மாதமும் வீண் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. இந்தப் பழக்கம் கையில் ஏறாதவனுக்கு அதற்கு மேல் எதையும் கற்றுக்கொடுக்கக் கூடாது என்பதை இன்று நானே சொல்வேன்.

பம்ப் துப்பாக்கியின் வேலை எளிது. குழலுக்குக் கீழே உள்ள முன்கட்டையைப் பின்னால் இழுத்தால் போல்ட் திறக்கும். எக்ஸ்ட்ராக்டர் என்ற கொக்கி சுட்ட தோட்டாவைப் பற்றி இழுக்கும். எஜெக்டர் அதைத் தட்டி வெளியே எறியும். மேகஸின் குழாயிலிருந்து அடுத்த தோட்டா தூக்கித்தட்டில் வந்து விழும். முன்னால் தள்ளினால் தட்டு அதை உயர்த்த, போல்ட் அறைக்குள் செலுத்திப் பூட்டிக்கொள்ளும். 1882-ல் ஸ்பென்சரும் ரோப்பரும் வடிவமைத்துக் கடைக்கு வந்த துப்பாக்கியிலிருந்து இன்றுவரை இந்த அடிப்படை மாறவில்லை. அதை எல்லோர் கையிலும் சேர்த்தது ஜான் பிரவுனிங் வரைந்த வின்செஸ்டர் 1897. தானியங்கித் துப்பாக்கியில் அடுத்த தோட்டாவை ஏற்றும் வேலையை வெடியின் விசை செய்யும். இதில் அதைச் சுடுபவரின் கைதான் செய்கிறது. ஆகவே நம்பகம் என்று பேச ஆரம்பித்தால் அந்தக் கையையும் சேர்த்தே பேச வேண்டும் என்பார்.

ஒவ்வொரு துப்பாக்கியையும் முழுக்கக் கழற்றி மேஜையில் பரப்பியபின் அவர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "காசை எங்கே மிச்சம் பிடித்திருக்கிறார்கள்?" மிச்சம் பிடிக்காமல் யாரும் பொருள் செய்வதில்லை, தப்பும் இல்லை. மினுமினுப்பில் பிடித்தார்களா, வேலை செய்யும் இடத்தில் பிடித்தார்களா என்பதைப் பார்ப்பதுதான் தொழில்.

அவர் முதலில் கழற்றச் சொன்னது வின்செஸ்டர் மாடல் 12. 1912-ல் டி.சி. ஜான்சன் வடிவமைத்தது. ஏறக்குறைய 20 லட்சம் செய்தார்கள். உடல் முழுக்கக் காய்ச்சி அடித்த எஃகு. ஒவ்வொரு வளைவும் எந்திரத்தில் கடைந்து, கையால் பொருத்தியது. குழல் உடலோடு சேரும் இடம் பல வருஷ உபயோகத்தில் தளர்ந்தால் இறுக்கிக்கொள்ளத் தனியாக ஒரு வளையமே வைத்திருக்கிறார்கள். தேயும் என்று முன்கூட்டியே யோசித்து வைத்த அந்த வளையத்தைப் பார்த்தபோது, எந்திரத் தொழிலாளியாக எனக்கு மெய்சிலிர்த்தது. முன்கட்டையை இழுத்தால் எண்ணெயில் வழுக்குவதுபோல் வரும்.

"இதில் எங்கே மிச்சம் பிடித்தார்கள்?" என்றார். தேடித் தேடிப் பார்த்தேன். "எங்கேயும் இல்லை சார்."

"அதனால்தான் 1964-ல் நிறுத்தினார்கள். அவ்வளவு கைவேலைக்கு விலை கொடுக்க ஆளில்லை."

அதோடு ஓர் எச்சரிக்கையும் சொன்னார். 1897, மாடல் 12 இரண்டிலும் விசையை அழுத்திப் பிடித்தபடி முன்கட்டையைத் தள்ளினால், போல்ட் பூட்டிய மறுகணம் தானாகச் சுட்டுவிடும். இடையில் விசையைத் துண்டிக்கும் உறுப்பு அவற்றில் கிடையாது. தாத்தாவின் துப்பாக்கி என்று எடுத்துவருகிற ஒவ்வொரு பேரனுக்கும் இதைச் சொல்லாமல் திருப்பிக் கொடுக்கக் கூடாது.

அடுத்தது ரெமிங்டன் 870. 1950-ல் வந்தது, ஒரு கோடியைத் தாண்டிச் செய்திருக்கிறார்கள். முந்தைய மாடல் 31-ஐச் செய்யச் செலவு அதிகம் என்பதால்தான் இதை வடிவமைத்தார்கள். விசைப் பகுதிக்குள் தகட்டில் அடித்தெடுத்த உறுப்புகள் நிறைய, அங்கேதான் மிச்சம். ஆனால் உடல் ஒரே எஃகுக் கட்டியிலிருந்து குடைந்தது. பூட்டு, குழலின் பின்நீட்டத்திலுள்ள பள்ளத்தில் நேராக ஏறிப் பிடிக்கிறது. வெடியின் அழுத்தத்தைப் போல்ட்டும் குழலும் தங்களுக்குள்ளேயே தாங்கிக்கொள்கின்றன. இதனால் இன்னொரு பலனும் உண்டு. மேகஸின் மூடியைத் திருகிக் கழற்றி, வாத்துக்கான குழலை எடுத்துவிட்டு மானுக்கான குழலை வீட்டிலேயே மாட்டிக்கொள்ளலாம், மெக்கானிக் தேவையில்லை. முன்கட்டையை போல்ட்டோடு இணைப்பது இரண்டு கம்பிகள். ஒற்றைக் கம்பி ஒரு பக்கமாக இழுத்துத் திருகும். இரண்டு இருந்தால் நேராக வரும்.

குறை இல்லாமலில்லை. தோட்டாவைத் தடுத்து நிறுத்தும் தாழ்களை உடலோடு குத்தி இறுக்கியிருக்கிறார்கள். எஜெக்டர் ஆணி அடித்தது. இவை தேய்ந்தால் வீட்டில் மாற்ற முடியாது. பழைய தூக்கித்தட்டில், ஒரு தோட்டா தவறிப் போல்ட்டுக்குக் கீழே சிக்கினால் விடுவிப்பது பெரும்பாடு. 1980-களில் தட்டில் ஒரு வெட்டுக் கொடுத்து, வளைந்து கொடுக்கும்படி செய்து அதைத் தீர்த்தார்கள். 1987-ல் விலை குறைந்த 'எக்ஸ்பிரஸ்' வந்தது. மெருகு போய் மங்கலான பூச்சு, சாதாரணக் கட்டை. அமைப்பு அதேதான்.

மாஸ்பெர்க் 500 வேறு புத்தி. 1960-களின் தொடக்கத்தில் கார்ல் பென்சன் வடிவமைத்தது. உடல் அலுமினியக் கலவை. கையில் எடுத்ததும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆட்டிப் பார்த்தால் முன்கட்டை கடகடவென்று சத்தம் போட்டது. "அலுமினியம் வெடியைத் தாங்குமா சார்?" என்று கேட்டேன். போல்ட்டைக் காட்டினார். பூட்டு ஏறுவது இங்கேயும் எஃகுக் குழலின் நீட்டத்தில்தான். உடல் வெறும் வீடு. பாரம் சுமக்கும் தூண் வேறு. அந்தக் கடகடச் சத்தத்தின் இடைவெளியில்தான் சேறும் மணலும் ஒதுங்கிக்கொள்ள இடம் கிடைக்கிறது. எக்ஸ்ட்ராக்டர் இரண்டு. எஜெக்டரை ஒரே திருகில் கழற்றி மாட்டிவிடலாம். தூக்கித்தட்டு மேலேயே நிற்பதால், கையுறை போட்ட விரலாலும் தோட்டா திணிக்கலாம். பாதுகாப்புப் பொத்தான் உடலின் பின்முதுகில், கட்டைவிரலுக்கு நேராக இருப்பதால் வலதுகைக்காரருக்கும் இடதுகைக்காரருக்கும் ஒன்றுபோல. மிச்சம் பிடித்த இடங்கள் என்று பார்த்தால் அலுமினிய உடல், பெரும்பாலான மாதிரிகளில் பிளாஸ்டிக்காக உள்ள விசைக் கூடு, பொத்தான். இராணுவத்துக்கான 590ஏ1-ல் இந்த இரண்டையும் உலோகத்தில் செய்து, குழலையும் தடிமனாக்கினார்கள். 3,000 பெரிய ரவைத் தோட்டாக்களைச் சுட்டுப் பார்க்கும் அமெரிக்க இராணுவத் தரச் சோதனையில் அது தேறியது. அப்போதும் உடல் அலுமினியம்தான்.

இந்தத் துப்பாக்கியில்தான் நான் பெரிய தவறு செய்தேன். இதில் தோட்டாத் தாழ்கள் இரண்டும் உடலோடு இறுக்கியவை அல்ல. விசைப் பகுதியைக் கழற்றியதும் கையில் விழுந்துவிடும். ஒன்று, போல்ட் பின்னால் வரும்போது ஒரு தோட்டாவை விடும். மற்றது அடுத்ததைப் பிடித்து நிறுத்தும். சுத்தம் செய்து திரும்ப மாட்டியபோது ஒன்றை அதன் குழியில் சரியாக உட்கார வைக்காமல் ஊசியை அடித்துவிட்டேன். பார்வைக்குச் சரியாகவே இருந்தது. வாடிக்கையாளரைக் கூப்பிடப் போனேன். ஆசான் ஒன்றும் சொல்லாமல் ஐந்து வெற்றுத் தோட்டாக்களை என் பக்கம் தள்ளினார். இரண்டாவது இழுப்பில் இரண்டு தோட்டாக்கள் ஒன்றாக வெளியே வந்து மல்லுக்கு நின்றன. அன்றைக்கு எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெற்றுத் தோட்டா ஓட்டாமல் எந்தத் துப்பாக்கியும் என் மேஜையை விட்டுப் போகாது என்று அன்று வைத்த விதி இன்றும் நிற்கிறது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1937-ல் வந்த இதாக்கா 37, பிரவுனிங்கின் பழைய வரைவிலிருந்து பிறந்தது. தோட்டா ஏறுவதும் இறங்குவதும் அடிப்பக்கத்து ஒரே வாசலில். பக்கவாட்டில் திறப்பே இல்லாததால் மழையும் குப்பையும் உள்ளே போக வழி குறைவு. இடதுகைக்காரர் முகத்துக்குக் குறுக்கே சுட்ட தோட்டா பறக்காது. அதே குணத்தோடு, ஜப்பானின் மிரோகு ஆலையில் 1977 முதல் செய்த பிரவுனிங் பிபிஎஸ் கனமானது, திடமானது. இத்தாலியின் பெனெல்லி 1999-ல் கொண்டுவந்த நோவாவில் எஃகு எலும்புக்கூட்டின்மேல் பிளாஸ்டிக்கை வார்த்து உடலையும் பின்கட்டையையும் ஒன்றாக்கியிருக்கிறார்கள். அழகு பார்ப்பவர் முகம் சுளிப்பார். சதுப்பு நிலத்தில் நாள் முழுக்க நிற்பவர், துருப்பிடிக்க இடமில்லாத அந்த உடலைப் பார்த்து நிம்மதியாவார்.

பெயரை நம்பாதே என்று அவர் ஒருபோதும் சொன்னதில்லை. பெயரோடு ஆண்டையும் ஊரையும் சேர்த்துப் பார் என்றார். ரெமிங்டன் 2018-லும் 2020-லும் திவாலாகிக் கைமாறியது. நியூயார்க் மாநிலத்து இலியன் ஊரின் பழைய ஆலை 2024 மார்ச்சில் மூடப்பட்டது. வேலை ஜார்ஜியா மாநிலத்துக்குப் போனது. வின்செஸ்டரின் நியூ ஹேவன் ஆலை 2006-ல் மூடியது. இன்று அந்தப் பெயரில் வரும் எஸ்எக்ஸ்பி துருக்கியில் செய்யப்படுகிறது. புது ஊர் என்றால் மட்டம் என்று அர்த்தமில்லை. பழைய பெயருக்காகப் புதியதைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவும் வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம்.

ஒருநாள், ஒரே கம்பெனியின் ஒரே மாடல் துப்பாக்கிகள் மூன்றை எடுத்துவந்து, வரிசை எண்களை டேப் ஒட்டி மறைத்து மேஜையில் வைத்தார். "தரவரிசை போடு." கண்ணை மூடி முன்கட்டையை மெதுவாக, மிக மெதுவாக இழுத்தேன். வேகமாக இழுத்தால் எல்லாத் துப்பாக்கியும் நன்றாகத்தான் இருக்கும். மெதுவாக இழுக்கும்போதுதான் உலோகம் பேசும். ஒன்றில் பாதி வழியில் மணல் உரசுவதுபோல் ஓர் அரிப்பு. அறையில் பஞ்சு. எக்ஸ்ட்ராக்டர் முனையில் நகம். தாழ்களில் ஐந்து வெற்றுத் தோட்டா. ஒரு மணி நேரம் ஆனது. மூன்றையும் ஒரே பெயரில், ஒரே கடையில், பக்கத்தில் பக்கத்தில் பார்த்திருந்தால் ஒன்றாகத்தான் நினைத்திருப்பேன்.

அந்த மாதம்தான் சிக்கிய துப்பாக்கி ஒன்று வந்தது. எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம். ஒரு வாத்து வேட்டைக்காரர் கொண்டுவந்தார். சுட்ட தோட்டா வெளியே வர மறுக்கிறது என்றார். பிடித்துத் தரையில் குத்தித் திறக்கப் பார்த்து, பின்கட்டையை வேறு விரித்துவிட்டார். ஆசான் ஒரு காந்தத்தை எடுத்து அவருடைய தோட்டாவின் அடிப்பாகத்தில் வைத்தார், ஒட்டிக்கொண்டது. பித்தளைபோல் மின்னியது, உள்ளே எஃகு. விலை குறைந்த தோட்டாக்களில் இது வழக்கம். வெடித்ததும் அடிப்பாகம் விரிந்து அறையின் சுவரை அழுத்தும். பித்தளை உடனே சுருங்கிக்கொள்ளும், எஃகு அவ்வளவு சுருங்காது. அறை வழவழப்பாக இருந்தால் அதுவும் பிரச்சினையில்லை. இங்கே கடைந்த கருவியின் வரிகள் அப்படியே இருந்தன. கடைசி மெருகைத் தராமல் அங்கே சில நிமிடங்களை மிச்சம் பிடித்திருக்கிறார்கள். கண்ணில் படும் வெளிப்பக்கத்தில் அல்ல, கண்ணில் படாத இடத்தில். நுண்ணிய உரசுதூரிகையும் எண்ணெயும் வைத்து, அளவு மாறாமல் மெருகு மட்டும் ஏற்றினோம். ஒவ்வொரு சில விநாடிக்கும் நிறுத்தி, துடைத்து, பஞ்சைச் சுற்றிப் பார்த்தோம். எடுத்த உலோகத்தைத் திரும்ப வைக்க முடியாது என்பதால் பொறுமைதான் அங்கே முதல் கருவி.

ஆனால் மேஜைக்கு வரும் சிக்கல்களில் பெரும்பங்கு உலோகத்தில் இல்லை. பறவை எழும் பதற்றத்தில் முன்கட்டையை முக்கால் தூரம் இழுத்து முன்னால் தள்ளிவிடுகிறார்கள். சுட்ட தோட்டா முழுக்க வெளியேறாது, அல்லது புதியது எழும்பாது. எந்த மாடலும் இதிலிருந்து தப்பாது. அப்படி வருபவரைப் பட்டறையின் பின்புறம் நிறுத்தி வெற்றுத் தோட்டாக்களோடு ஐம்பது முறை இழுக்க வைப்பார். "முடிகிற இடம் வரை இழு. அது முடிந்தது என்று உன் கைக்குத் தெரிய வேண்டும்." அதற்குக் காசு வாங்கமாட்டார்.

சென்ற ஆண்டு ஓர் இளம்பெண் வந்தாள். முதல் துப்பாக்கி, அப்பாவோடு வாத்துக்குப் போக வேண்டும், கையில் அதிகப் பணமில்லை. அவளும் அதே கேள்வியைக் கேட்டாள். ஆசான் என்னைப் பார்த்தார். நான் அவளிடம் பென்சிலை நீட்டிப் பெயர் எழுதச் சொன்னேன். இடது கையால் எழுதினாள்.

அலமாரியில் அழகான பழைய இதாக்கா ஒன்று இருந்தது. இடதுகைக்குப் பொருத்தம்தான், கை அதை நோக்கித்தான் முதலில் போனது. ஆனால் அமெரிக்கா முழுவதும் 1991 முதல் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவை கூடாது. பெரும்பாலோர் எஃகு ரவைதான் போடுகிறார்கள். அந்தப் பழைய குழலின் முனை ஈயத்துக்காக இறுக்கமாக நெருக்கிக் கடைந்தது. கடினமான எஃகு அதைக் கெடுத்துவிடும். அதை வைத்துவிட்டு, பக்கத்தில் இருந்த, யாரோ பயன்படுத்தி விற்ற பிபிஎஸ்-ஐ எடுத்தேன். தோட்டா அடிவழியே இறங்கும், பொத்தான் முதுகில், குழல்முனை மாற்றிக்கொள்ளும் வகை. கொஞ்சம் கனம். தோளில் வைத்துப் பார்க்கச் சொன்னேன், சமாளித்தாள். மேகஸினுக்குள் மரக்குச்சி இருக்கிறதா என்று பார்த்தேன். வாத்துக்குப் போகும்போது மொத்தம் மூன்று தோட்டாவுக்கு மேல் ஏறக் கூடாது என்பது சட்டம்.

பிறகு குழலைக் கழற்றி, பஞ்சுக்குச்சியை அவள் கையில் கொடுத்தேன். "தோட்டா உட்காரும் இடத்துக்குள் விட்டு மெல்ல ஒரு சுற்றுச் சுற்றுங்கள்."

பஞ்சு போனபடியே வந்தது. ஆசான் பதிவேட்டை என் பக்கமாகத் திருப்பிவைத்துவிட்டு, தேநீர் போட உள்ளே போனார்.